கீயில் இல்லாத விடை

விடைத்தாள் திருத்தும் முகாமில் ஆரோக்கியமேரிக்கு எப்போதும் நல்ல பெயர். மற்றவர்கள் டீ குடிக்கப் போய் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் ஒரு கட்டை முடித்து அடுத்த கட்டைப் பிரித்திருப்பாள். கூட்டலில் தப்பு வராது. எவ்வளவு கோணல் கையெழுத்தானாலும் சலிக்காமல் படிப்பாள். எந்தக் கேள்விக்கு எதை எழுதியிருந்தால் எத்தனை மார்க் என்று அரசாங்கம் ஒரு விடைக்குறிப்பு அனுப்பும். ஆசிரியர்கள் அதற்குக் கீ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் அது அவளுக்கு மனப்பாடம் ஆகிவிடும். பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

2009 ஏப்ரலில் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் தாள் திருத்தினார்கள். தெற்கே ஏதோ ஒரு மாவட்டத்துத் தாள்கள். எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று திருத்துகிறவர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒரு தாளில் ‘மண் அரிப்பைத் தடுக்கும் வழிகளை எழுதுக’ என்ற ஐந்து மார்க் கேள்விக்கு வந்தபோது அவள் பேனா நின்றது. மரம் நடுதல், சரிவில் படிக்கட்டு முறை, தடுப்பணை, மேய்ச்சலைக் கட்டுப்படுத்துதல் என்று கீ வரிசையாகப் போகும். இந்தப் பிள்ளை வேறு ஏதோ எழுதியிருந்தது. எங்கள் ஊர்க் கரட்டுக் குன்றில் மரம் நட்டார்கள், ஆடு தின்றுவிட்டது. மறுபடி நட்டார்கள், மறுபடியும் தின்றுவிட்டது. ஆட்டை விட்டால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. அதனால் முதலில் ஆட்டுக்காரர்களுக்குப் புல் வளர்க்க ஓர் இடம் கொடுக்க வேண்டும், அதன் பிறகு மரம் நட்டால்தான் மண் நிற்கும்.

ஆரோக்கியமேரி அதை இரண்டு தடவை படித்தாள். மூன்று மார்க் போட்டாள். போட்ட கையோடு தாளைத் தூக்கிக்கொண்டு முதன்மைத் தேர்வாளர் தேவநாதனிடம் போனாள். தேவநாதன் கெட்டவர் இல்லை. மார்க் குறைத்துப் போடுகிறவர்களைக் கடிந்துகொள்கிற ஆள்தான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கு மேடம். ஆனா கீயில இருக்கா?”

“இல்ல சார். ஆனா யோசிச்சி எழுதியிருக்கு.”

“நா உங்கள மூணு போட விட்டா, அடுத்த டேபிள்ல இருக்கிறவரு இதுக்கே பூஜ்யம் போடுவாரு. அப்ப எந்தப் புள்ளைக்கு நியாயம்? மரம் நடுதல்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போய்ட்டே இருங்க.”

அவள் மூன்றை அடித்து ஒன்று என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தாள். பழகிய கை, தயங்கவே இல்லை. இடத்தில் வந்து உட்கார்ந்து அடுத்த தாளைப் பிரித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. கேள்வித்தாள் மாநிலம் முழுக்க ஒன்றுதான். கடலூரில் அவளிடம் படிக்கும் மோனிகாவும் இதே கேள்விக்குத்தான் எழுதியிருப்பாள். என்ன எழுதியிருப்பாள் என்று ஆரோக்கியமேரிக்கு வரிக்கு வரி தெரியும். அந்தத் தாளும் எங்கேயோ ஒரு ஊரில் இவளைப் போலவே ஒரு கெட்டிக்காரியின் மேஜையில் இருக்கும்.

மோனிகா கடலோரத்து மீனவப் பெண். அப்பா சடையப்பன் கடலுக்குப் போகிறவர், அம்மா குப்பு தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். பிளஸ் ஒன்னில் முதல் குரூப் எடுக்க வேண்டும், பிறகு நர்சிங் படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் முதல் குரூப்புக்கு அறிவியலில் எண்பது வேண்டும். போன வருஷம் வரை மோனிகா எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. அவளை இறக்கிவிட ஆரோக்கியமேரி வர வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். ஆரோக்கியமேரி அஞ்சல்வழியில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். பி.எட். படித்த எல்லாரும் சிந்தனையின் ஆறு படிகளைப் படித்தவர்கள்தான். அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல். பாடக்குறிப்பில் இந்த ஆறுக்கும் ஆறு கட்டம் போட்டு அழகாக நிரப்புவார்கள். கல்வித்துறை ஆய்வாளர் வந்தால் காட்டுவார்கள். வகுப்புக்குள் போனதும் ‘வரையறு’, ‘கோடிட்ட இடத்தை நிரப்பு’ என்று முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். பதினான்கு வருஷம் ஆரோக்கியமேரியும் அப்படித்தான் படுத்திருந்தாள். இந்த ஆறு படிகளிலும் கேள்வி கேட்டுப் பாடம் நடத்தினால் பிள்ளைகளின் சிந்தனை எவ்வளவு ஆழமாகும் என்று பார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. ஏ பிரிவுக்கு வழக்கமான பாடம், பி பிரிவுக்கு ஆறு படி. மோனிகா பி பிரிவு.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டால் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டின. ‘உனக்கு என்ன தோணுது?’ என்று கேட்டால் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. மண் அரிப்புப் பாடத்தின்போதுதான் கதவு திறந்தது. தடுக்கும் வழிகளை எல்லாம் போர்டில் எழுதிவிட்டு, “இதுல உங்க ஊருக்கு எது சரிப்படும், எது சரிப்படாது? ஏன்?” என்று கேட்டாள். மோனிகா எழுந்தாள்.

“எங்க ஊர்ல கரையோரமா கல்லு கொட்டினாங்க மிஸ். எங்க கரை நின்னுடுச்சி. ஆனா எங்களுக்கு வடக்கால இருக்கிற ஊர்ல கரை போய்டுச்சி. அவுங்க படகு நிறுத்தவே எடம் இல்ல. எங்களுக்கு நின்ன மண்ணு அவுங்களுக்குப் போற மண்ணுதானே? அப்ப கல்லு கொட்டினா தடுக்கிறதுன்னு எப்டி மிஸ் எழுதறது?”

யாரும் சிரிக்கவில்லை. பின்பெஞ்சில் ஒருத்தி, “அப்ப அங்கேயும் கொட்டணும்” என்றாள். இன்னொருத்தி, “அப்ப அதுக்கும் அந்தாண்ட ஊருக்குப் போய்டும்” என்றாள். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. அன்று சாயந்திரம் செம்மண்டலத்தில் வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போதும் ஆரோக்கியமேரி தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியதற்கு அன்றுதான் பாடம் நடத்தியதுபோல் இருந்தது அவளுக்கு. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் பின்னால் இவ்வளவு வலித்திருக்காது.

ஏ பிரிவுக்கு அவள் வழக்கம்போலத் தேர்வுப் பயிற்சி கொடுத்தாள். ஐந்து மார்க் கேள்விக்கு ஐந்து பாயிண்ட், அடிக்கோடு, கீயில் என்ன இருக்குமோ அதே வார்த்தை. பி பிரிவுக்கு அதைக் கொடுக்கவில்லை. பிப்ரவரியில் கடைசிச் சோதனை வைக்கும்வரை இரண்டு பிரிவும் கலந்துவிடக் கூடாது என்று சிதம்பரத்தில் அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் பழனிவேல், சொல்லியிருந்தார். கலந்தால் கணக்குக் கெட்டுவிடும். சோதனை முடிந்ததும் பி பிரிவை உட்காரவைத்து, ‘பப்ளிக்கில் மட்டும் புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். சோதனை தள்ளிப்போனது. பழனிவேல் வகுப்பை நேரில் பார்க்க வர வேண்டும் என்றார், அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. அவர் வந்த நாள் பத்தாம் வகுப்புக்குக் கடைசி வேலைநாளாகப் போயிற்று.

பழனிவேல் கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பொரிந்து தள்ளின. அவர் முகத்தில் ஆச்சரியத்தைப் பார்க்கப் பார்க்க ஆரோக்கியமேரிக்குத் தலைகால் புரியவில்லை. முடிகிற நேரத்தில் மோனிகா கையைத் தூக்கினாள்.

“மிஸ், பப்ளிக்லயும் இப்டியே எழுதலாமா?”

அந்த ஒரு நிமிஷத்தை ஆரோக்கியமேரி பிறகு எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீ என்றால் என்ன, அது எப்படி வெட்டும் என்று அந்த அறையில் இருந்தவர்களில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. வருஷா வருஷம் முகாமுக்குப் போய் அவள் கையாலேயே வெட்டியிருக்கிறாள். ஆனால் பின்னால் பேராசிரியர் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு நேரம் ஆடிக் காட்டிவிட்டு, ‘பரிட்சையில் மட்டும் இதெல்லாம் வேண்டாம்’ என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வது?

“தைரியமா எழுதும்மா. யோசிச்சி எழுதினா யாரும் மார்க்கப் புடுங்கிட மாட்டாங்க” என்றாள்.

பழனிவேல் தலையாட்டினார். மணி அடித்தது. அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போனாள். திரும்பி வந்தபோது வகுப்பு காலியாக இருந்தது.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. ஏ பிரிவில் தொண்ணூறும் எண்பதுமாக விழுந்திருந்தது. மோனிகா கணக்கில் தொண்ணூற்றொன்று, தமிழில் எண்பத்தெட்டு, அறிவியலில் எழுபத்து நாலு. மறுகூட்டலுக்குப் போடலாம். கூட்டலில் தப்பு இருந்தால்தானே ஏறும்? திருத்தியவள் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள், கூட்டலில் தப்பு விட்டிருக்க மாட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் குப்பு வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடையை இறக்கி நாலு நல்ல சங்கரா மீனை எடுத்து இலையில் வைத்தாள்.

“டீச்சரம்மா, ஏங்கிட்டக் கோச்சிக்காதீங்க. அது உங்க பேரக் கெடுத்துடுச்சி. நீங்க எவ்ளோ சொல்லிக் குடுத்தீங்க அதுக்கு. வூட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான் எந்நேரமும். கடைசீல திமிரு எடுத்துப்போய் இஷ்டத்துக்கு எழுதி வச்சிட்டு வந்துகீது. அவுங்கப்பா ரெண்டு வச்சாரு. எதுக்கு இப்டி எழுதினன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது.”

“அடிச்சாரா?” என்றாள் ஆரோக்கியமேரி.

“பின்ன? நீங்க பாத்து பெரிய மேடத்தாண்ட சீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் பெண் மேல் தப்பில்லை, நான்தான் எழுதச் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மீனுக்குக் காசு கொடுக்கப் போனாள், குப்பு வாங்கவில்லை. அன்று வீட்டில் எல்லாரும் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தைக்கூட யாரிடமும் காட்ட முடியாத வெட்கம்.

மறுநாளே தலைமையாசிரியை ராசம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ராசம்மாள் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மேரி, நீங்க வகுப்புல என்னா பண்ணினாலும் நா கண்டுக்கல. இப்பத் தாளாளர் கேப்பாரு. வியாழக்கெழம அட்மிஷன் கமிட்டிக்கு வர்றாரு. எண்பதுக்குக் கீழ ஒரு சீட்டு கூட முதல் குரூப்புல குடுக்க மாட்டாரு. ஆனா நீங்களே நேர்ல வந்து, ‘இந்தப் பொண்ணுக்கு மார்க் குறைஞ்சது என்னாலதான் சார், நான்தான் இப்படி எழுதப் பழக்கினேன்’னு சொன்னா கேப்பாரு. ஒரு சீட்டு நா நிறுத்தி வைக்கிறேன். மத்தியானத்துக்குள்ள அவரு கெளம்பிடுவாரு. பாத்துக்குங்க.”

“வியாழக்கெழமையா மேடம்?”

“ஏன்?”

“அன்னிக்குச் சிதம்பரத்துல எனக்கு வைவா.”

வைவா என்றால் ஆய்வேட்டைப் பற்றி நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அதற்காக வருகிறார். பழனிவேலுக்கு போன் போட்டு, ‘சார், என்னைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்துக்கு மேல் வருகிறேன்’ என்று கேட்டிருந்தால் அவர் முடியாது என்றிருக்க மாட்டார். ஆரோக்கியமேரி போனைக் கையில் எடுத்தாள். காரணம் கேட்பாரே என்று நினைத்தாள். உங்கள் ஆறு படியால் ஒரு பெண்ணுக்கு முதல் குரூப் போய்விட்டது, அதைச் சரிசெய்யப் போகிறேன் என்று வைவாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவரிடம் சொல்ல முடியுமா? போனைக் கீழே வைத்துவிட்டாள். காலையில் முதல் ஆளாக முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் கமிட்டி முடிவதற்குள் கடலூர் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அவளுக்குத்தான் கூட்டலில் தப்பே வராதே!

வைவா அவள் நினைத்ததைவிட நன்றாகப் போனது. வெளியூர்ப் பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து மோனிகாவின் விடை இருந்த பக்கத்தில் நின்றார். ‘எங்களுக்கு நின்ற மண் அவர்களுக்குப் போகிற மண்’ என்று வாய்விட்டுப் படித்தார். “இது பத்தாம் வகுப்புப் பொண்ணு எழுதினதா?” என்று கேட்டார். பழனிவேல், “நானே நேர்ல பாத்தேன் சார்” என்றார். இருவரும் அவளைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை அவளுக்கு இதுவரை யாரிடமும் கிடைக்காதது.

“இப்ப அந்தப் பொண்ணு என்ன பண்றா?”

“பிளஸ் ஒன் சேரப்போகுது சார்.”

“விட்றாதீங்க. பெரிய ஆளா வருவா.”

அப்போதே எழுந்திருந்தால்கூட நேரம் இருந்தது. “வாங்க, ஒண்ணாச் சாப்பிட்டுட்டுப் போலாம்” என்று பழனிவேல் கூப்பிட்டார். வேண்டாம் சார், அவசரம் என்று சொல்லியிருக்கலாம். அவள் போனாள். இலை போட்டார்கள். அவளுடைய ஆய்வை ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சாம்பார் சாதம் முடிந்து ரசத்துக்கு வரும்போதுதான் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாயசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். சத்தத்தை அணைத்து வைத்திருந்த செல்லை வெளியே வந்துதான் பார்த்தாள். ராசம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்.

பஸ் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தது. புதுச்சத்திரத்திலும் ஆலப்பாக்கத்திலும் நிற்கிற மாதிரிதான் நின்றது. பஸ் மீது பழி போட ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது தாளாளரின் கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

ராசம்மாள் இவளைப் பார்த்ததும், “உக்காருங்க” என்றுகூடச் சொல்லவில்லை.

“நீங்க வருவீங்கன்னு அந்தப் பொண்ணக் கடைசியா வச்சேன். அப்பறம் வேற வழியில்லாம நானே விஷயத்தச் சொன்னேன். அவரு அந்தப் பொண்ணையே உள்ள கூப்பிட்டுக் கேட்டாரு மேரி. ‘இப்டி எழுதச் சொல்லி உங்க மிஸ்தான் சொல்லிக் குடுத்தாங்களா? ஆமான்னா சொல்லு, சீட்டு குடுத்துடறேன்’னாரு. நா பின்னாடி நின்னுட்டு ஆமான்னு சொல்லுடின்னு கண்ணக் காட்றேன். ‘இல்ல சார். மிஸ் புத்தகத்துல இருக்கிறதத்தான் சொல்லிக் குடுத்தாங்க. நானாத்தான் எழுதினேன்’னுடுச்சி.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா? நா பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சி. சீட்டு வேற பொண்ணுக்குப் போய்டுச்சி. இதுக்கு காமர்ஸ் குரூப் எழுதியாச்சி.”

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மோனிகா தனியாக நின்றிருந்தாள். குப்பு வியாபாரத்துக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது. மிஸ் வருவதைப் பார்த்ததும் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை. அதைத்தான் ஆரோக்கியமேரியால் தாங்க முடியவில்லை.

“ஏம்மா அப்டிச் சொன்ன? உண்மையச் சொல்லியிருந்தா சீட்டு கெடச்சிருக்குமே!”

“காலையிலேருந்து கேட்டையே பாத்துட்டு இருந்தேன் மிஸ்” என்றாள் மோனிகா. பாடத்தில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். “நீங்க வரல. மேடம் போன் பண்ணாங்க, எடுக்கல. வரணும்னு இருந்தா எப்டியும் வந்திருப்பீங்க. வராம இருக்கீங்கன்னா, இது வெளிய தெரியக் கூடாதுன்னு நெனக்கிறீங்க. அப்ப நா உள்ள போய் ஆமான்னு சொன்னா உங்கள மாட்டி விட்ட மாதிரி ஆயிடும். அதான் இல்லேன்னுட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சரியாத்தான் யோசிச்சனா மிஸ்?” என்று கேட்டாள்.

வைவா நீண்டுவிட்டது என்று சொல்லலாம். பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். செல்லில் சார்ஜ் இல்லை என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் இந்தப் பெண் நம்பிவிடுவாள். நம்பினால், தான் யோசித்தது தப்பு, அவசரப்பட்டுச் சீட்டைத் தொலைத்துக்கொண்டது தானேதான் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

“சரியாத்தாம்மா யோசிச்ச” என்றாள் ஆரோக்கியமேரி.

மோனிகாவின் முகம் தெளிந்துவிட்டது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டுச் சிரித்தாள்.

“பயந்துட்டே இருந்தேன் மிஸ், உங்களப் பத்தித் தப்பா நெனச்சிட்டனோன்னு.”